ஓரத்தைக் கரைத்த மனிதர்

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வாசித்தால், அப்பாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதியிருக்கலாமே என்பார்கள். நல்லதும் எழுதத்தான் போகிறேன். ஆனால் என் தம்பியின் முகத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இல்லாமல் செய்தவர் அவர். அதை மறைத்து எழுத எனக்கு வராது.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் அந்த ஸ்டூடியோ இருந்தது. அதற்கு எதிரே இருந்த இரும்புக் கடையில் நான் ஆணியும் கொண்டியும் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டூடியோ முதலாளி ஒரு சிங்களவர். முன்னறையில் படம் எடுப்பது அவர். பின்னால் இருட்டறையில் கழுவி அச்செடுப்பது இவர். யாழ்ப்பாணத்து ஆள். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. விரல் நகமெல்லாம் மருந்துத் தண்ணீரில் ஊறி மண்ணிறமாகிப் போயிருக்கும்.

அவருடைய வலது கை சும்மா இருக்காது. தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தாலும் பஸ்ஸுக்கு நின்றாலும் மேலும் கீழுமாக ஒரு அங்குலம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நரம்பு வருத்தம் என்று நினைத்தேன். கேட்டும்விட்டேன்.

"வருத்தமில்லைத் தம்பி. வேலை" என்றார். ஒரு மத்தியானம் இருட்டறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரிலிருந்து வெளிச்சம் இறங்கிக் கீழே இருக்கும் தாளில் விழுகிறது. நடுவில் இவர் ஓர் அட்டையைப் பிடிக்கிறார். அட்டையில் கோழிமுட்டை வடிவில் ஓட்டை. ஓட்டையின் விளிம்பைப் பல் பல்லாக நறுக்கி வைத்திருக்கிறார். ஓட்டை வழியாக முகம் மட்டும் தாளுக்குப் போகும். மற்றதையெல்லாம் அட்டை தடுத்துவிடும். ஆனால் அட்டை ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. நின்றால் விளிம்பு கோடாக விழுந்துவிடும். அதனால் மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே வாய்க்குள் எண்ணுவார். பிறகு தாளை மருந்தில் போடுவார். கண் வரும், மூக்கு வரும், கழுத்து வரும். கழுத்துக்குக் கீழே புகை மாதிரி மெலிந்து மெலிந்து ஒன்றுமில்லாமல் போகும். அதற்குப் பெயர் விக்னெட் என்றார். வாடிக்கைக்காரர்கள் மேகப் படம் என்றார்கள்.

அழகாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் சுவரையும் கொடியில் தொங்கும் துணியையும் எடுத்துவிட்டால், கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணின் முகம் டொக்டரின் மனைவி முகம் மாதிரி இருக்கும். கம்பளையிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் அவருடைய கைக்காக ஆட்கள் வந்தார்கள்.

கேட்டவர்களுக்கு மட்டும் செய்திருந்தால் பரவாயில்லை. அவர் கேட்காதவர்களுக்கும் செய்தார். "முகம் இருந்தாக் காணும்" என்பார். காணும் என்றால் அவர்களுடைய பேச்சில் போதும் என்று அர்த்தம்.

அலவத்துகொட முஸ்லிம் மிளகு வியாபாரி ஒருவர் இருந்தார். அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். புது வேன் வாங்கி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு படம் எடுத்திருந்தார். அச்சை வாங்கிப் பார்த்ததும் அவர் போட்ட சத்தம் எங்கள் கடை வரைக்கும் கேட்டது.

"எங்கட வேன் எங்க?"

"முகம் நல்ல வடிவா வந்திருக்கு நானா."

"மொகத்த நான் கண்ணாடில பாக்க ஏலும். வேனுக்குத்தான் படம் புடிச்ச."

"வேன் இண்டைக்கு இருக்கும், நாளைக்கு இராது. முகம் இருந்தாக் காணும்."

"ஒங்கட வாயில ஒரு நல்ல வார்த்த வராதா?"

முதலாளி ஓடிவந்து, வேனோடு இன்னொரு படம் அடித்துத் தருவதாகச் சமாதானம் பேசினார். வியாபாரி போகும்போது இரண்டையும் கொண்டுபோனார். அடுத்த வாரம் வந்து, "மேகப் படத்தப் பாத்து எங்கட உம்மா அழுத. வாப்பா மாதிரியே ஈக்கியாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவருக்கு அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்.

ஆளைப் பார்க்கும்போதும் அப்படித்தான் பார்ப்பார். பக்கத்துத் தையல்காரன் கால் முறிந்து, மாவுக் கட்டும் கக்கத்தில் கட்டையுமாக வந்து, பத்து நிமிடம் இவரோடு மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனான். "கால் எப்பிடி முறிஞ்சிச்சாம்?" என்று கேட்டேன்.

"ஆற்றை கால்?" என்றார், யாருடைய கால் என்று.

விளையாட்டுக்கு இல்லை. அவர் உண்மையிலேயே பார்க்கவில்லை.

ஏன் இப்படி என்று ஒருதரம் கேட்டேன். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அவர் முன்பு வேலை செய்தது தமிழர் ஒருவரின் ஸ்டூடியோ. கல்யாணச் சோடியொன்று கோயிலுக்கு முன்னால் நின்று எடுத்த படம். பின்னால் கோபுரம். "கோபுரத்தில ஒவ்வொரு பொம்மையும் எண்ணலாம். அப்பிடி அடிச்சனான்" என்றார். பெரிதாக்கி, தெருவைப் பார்த்த கண்ணாடிக்குள் தொங்கவிட்டிருந்தார்கள். எண்பத்து மூன்று ஆடியில் தமிழர் கடைகளைத் தேடி எரித்த கூட்டம் வந்தது. முன்னால் வந்தவன் கண்ணாடிக்குக் கிட்ட நின்று அந்தப் படத்தைப் பார்த்தான். பிறகு கல்லால் அடித்தான். இவரும் முதலாளியும் பின்மதில் ஏறிக் குதித்தார்கள். கடை மருந்துப் போத்தல்களோடு எரிந்தது.

"அந்தக் கோபுரத்தை வெள்ளையில கரைச்சிருந்தனெண்டா அவன் பேசாமல் போயிருப்பான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "அண்ணே, அவனுங்க கையில லிஸ்ட் இருந்திச்சு. எங்க மொதலாளி கடையையும்தான் எரிச்சானுங்க. அங்க என்ன கோபுரமா தொங்கிச்சு? கொண்டியும் சங்கிலியும்தானே தொங்கிச்சு?"

அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "இல்லைத் தம்பி. அவன் படத்தைப் பார்த்தவன். நான் கண்டனான்" என்றார்.

இப்படிப்பட்ட ஆளோடு என்ன பேசுவது. ஊரே பைத்தியம் பிடித்து எரித்ததை, தான் ஓர் ஓரத்தைக் கரைக்காமல் விட்டதால் நடந்தது என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கண்ணில் பட்ட ஓரத்தையெல்லாம் கரைத்தார்.

பிறகு, கிளர்ச்சிக்காரர் என்று இராணுவம் பிடித்துக்கொண்டு போய்ச் சிங்களப் பையன்கள் காணாமல் போகத் தொடங்கிய காலம் வந்தது. ஆற்றில் பிணம் போகிறது என்று காலையில் கடைக்கு வருகிறவர்கள் சொல்லுவார்கள். பகலில் தாய்மார் ஸ்டூடியோவுக்கு வருவார்கள். பாடசாலைக் கூட்டப் படம், கிரிக்கெட் அணிப் படம், அக்காவின் கல்யாணப் படம். அதில் ஒரு முகத்தை விரலால் தொட்டு, "மகே புத்தா" என்பார்கள். என் மகன். அவ்வளவுதான் சொல்ல முடியும். அந்த முகத்தைத் தனியாக எடுத்துத் தர வேண்டும். மனுவோடு ஒட்ட வேண்டும், முகாம் வாசலில் காட்ட வேண்டும்.

இவருக்குச் சிங்களம் ஓட்டமாக வராது. "ஹரி அம்மே", சரி அம்மா, என்று வாங்கிக்கொள்வார். அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. பெரிய படத்தில் அந்த முகத்தை மட்டும் கிட்டவாகக் கமராவில் எடுத்து, அதையும் மேகத்தில் வைத்துக் கொடுப்பார். பெரிய படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, மற்றவர்களின் முகங்களைக் காட்டி, வீட்டில் வைக்காதே என்று கையால் சொல்லுவார். வீடு சோதிக்க வருகிறவன் கையில் அகப்பட்டால் இவர்கள் எல்லோரும் போவார்கள் என்று. சிலர் அங்கேயே கிழித்துவிட்டுப் போனார்கள். சிலர் எரிக்கச் சொல்லி அவரிடமே கொடுத்தார்கள்.

ஒரு நாள் இருட்டறைக்குப் பின்னால் கொடியில் காய்ந்த படங்களைப் பார்த்தேன். பன்னிரண்டு முகமிருக்கும். தெல்தோட்டைப் பக்கத்துத் தமிழ்ப் பையன் ஒருவனும் இருப்பதாகச் சொன்னார், மற்றவர்கள் சிங்களவர்கள். யார் எவன் என்று தெரியவில்லை. சட்டை இல்லை, ஊர் இல்லை, பக்கத்தில் நின்றவன் தோளில் போட்ட கை இல்லை. எல்லோரும் ஒரே மேகத்தில் மிதந்தார்கள். இதைப் பார்த்து ஒற்றுமை, மனிதநேயம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கோ செத்தவர்களாகவே அச்சடித்து வைத்த மாதிரி இருந்தது.

அடுத்த வருடம் அது என் வீட்டுக்கு வந்தது.

எங்கள் வீடு தெல்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து லயம். தம்பிக்குப் பத்தொன்பது வயது. வேலை தேடிக் கண்டிக்கு வருவதாக ஒரு திங்கட்கிழமை காலையில் இறங்கினவன் வந்து சேரவில்லை. சந்தியில் ஜீப்பில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்களாம். எந்த உடுப்பு என்று கேட்டால், பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அடையாள அட்டை அவன் பொக்கட்டில். வீட்டில் இருந்தது ஒரே ஒரு படம். மடுல்கெல்லையில் மாமாவின் தோட்டத்துத் திருவிழாவில், எங்கிருந்தோ வந்த ஒரு கமராக்காரன் எடுத்தது. அவனும் நாலு கூட்டாளிகளும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்கள்.

படத்தை இவரிடம் கொண்டுபோனேன்.

"மற்றப் பொடியள் ஆர்?" என்றார்.

"கூட்டாளிங்க. பக்கத்து லயம்."

"அவங்கள் இருக்கினமோ?"

"இருக்காங்க."

முகத்தை எடுத்தார். பன்னிரண்டு பிரதி அடித்தார். காசு வேண்டாம் என்றார். பிறகு பெரிய படத்தை மேசையில் வைத்து, அந்த நாலு பேரையும் விரலால் மூடிக் காட்டினார். "இது உங்கட வீட்டில இருந்து ஒருத்தன் கண்டானெண்டா இந்த நாலும் முடிஞ்சுது. தாய் பெத்த பிள்ளையள் தம்பி. என்ன செய்வம்?"

நான் என்ன சொல்ல. "எரிங்க" என்றேன். மருந்து ஊற்றும் தட்டொன்றில் வைத்து எரித்தார். படம் சுருண்டு எரியும்போது கூடப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தம்பியின் முகத்தையே பார்த்தேன்.

இரண்டு கிழமையில் லயத்தைச் சுற்றி வளைத்து வீடு வீடாகக் கிண்டினார்கள். எங்கள் வீட்டில் ஒன்றும் அகப்படவில்லை. அந்த நாலு பேரும் இன்றைக்கும் உயிரோடிருக்கிறார்கள். ஒருவன் கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருக்கிறான். எரித்ததால்தான் பிழைத்தார்களா, எரிக்காவிட்டாலும் பிழைத்திருப்பார்களா, யாருக்குத் தெரியும்.

நாலு வருடம் அந்த மேகப் படத்தோடு வாசல் வாசலாகப் போனேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். சிலர் திருப்பித் தரவும் இல்லை.

பிறகு ஒரு தோட்டத்து எல்லையில் தண்ணீர்த் தொட்டி கட்டக் குழி வெட்டும்போது மூன்று பேருடைய எலும்பு வந்தது. ஆள் காணாமல் போன குடும்பங்களை வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியொன்றின் பின்முற்றத்தில் பொலித்தீன் விரித்துத் துணிகளை வைத்திருந்தார்கள். ஒரு சட்டை. மண்ணில் நிறமெல்லாம் போயிருந்தது. ஆனால் நெய்த கட்டம் தெரிந்தது. கட்டம் போட்ட சட்டை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தம்பிக்கு நான் கண்டி நடைபாதையில் இரண்டு சட்டை ஒன்றாக வாங்கிக் கொடுத்திருந்தேன். இரண்டும் நீலம். ஒன்று கட்டம் போட்டது, மற்றது கோடு போட்டது. அதில் ஒன்றைத் திருவிழாவுக்குப் போட்டான், படத்திலும் அதுதான். மற்றது வேறு யார் உடம்பிலோ ஏறிப் போய்விட்டது. லயத்தில் நல்ல சட்டை ஒருவனுக்குச் சொந்தமில்லை. கல்யாணத்துக்கு ஒருவன் போடுவான், வேலை கேட்டுப் போக ஒருவன் போடுவான். தம்பி போன அன்று காலையில் பக்கத்து வீட்டுக்காரி, "திருவிழாச் சட்டைய மாட்டிக்கிட்டு பொண்ணு பாக்கவா போற?" என்று கேட்டது அம்மாவுக்கும் நினைவிருந்தது, எல்லோருக்கும் நினைவிருந்தது. திருவிழாச் சட்டை கட்டமா கோடா என்பதுதான் ஒருவருக்கும் நினைவில்லை. கூட்டாளிகளில் இரண்டு பேர் கட்டம் என்றார்கள். ஒருவன் கோடு என்றான். ஒருவன் வாயே திறக்கவில்லை. அம்மாவுக்குக் கண்ணில் பூ விழுந்து பல வருடம். அவளுக்குத் தெரிந்தது நீலம் மட்டும்.

அந்த ஒரு படம் இருந்திருந்தால் போதும். கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனால் கட்டமும் கோடும் தெரியும்.

அம்மா பையிலிருந்து மேகப் படத்தை எடுத்தாள். குனிந்து, பொலித்தீனில் கிடந்த சட்டையின் கொலருக்கு மேலே வைத்தாள். தம்பியின் முகம் கழுத்தோடு புகையாய்ப் போனது. அதற்குக் கீழே வெள்ளை. வெள்ளைக்குக் கீழே அந்தச் சட்டை. எழுதிக்கொண்டிருந்த அதிகாரி, "என்ன அம்மா, மகன்தானா?" என்றார். அம்மா என்னை அண்ணாந்து பார்த்தாள். நான் படத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அவளை எழுப்பினேன். 'அடையாளம் காணவில்லை' என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் ஸ்டூடியோவுக்குப் போனேன். கல்யாண வீட்டுக்காரர் கூட்டமாக இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால்தான், குழியில் கட்டம் போட்ட சட்டை வந்ததைச் சொல்லிக் கேட்டேன். "அண்ணே, என் தம்பி அந்தப் படத்துல போட்டிருந்த சட்ட கட்டமா, கோடா?"

யோசித்தார். கை நின்றது. "எனக்குத் தெரியாது தம்பி. நான் முகத்தை மட்டும்தான் பார்த்தனான்."

"நெகடிவ் இருக்குமா?"

"அதிலும் முகம்தான்."

என் கையால் வாங்கிக் கொடுத்த சட்டை என்றேன், வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவனைக் கொண்டுபோனவர்கள் ஒருதரம் கொன்றார்கள், நீ இரண்டாம்தரம் கொன்றாய் என்றேன். நீ என்றேன். என்னைவிட இருபது வயது மூத்தவரை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். "சட்டையை வாங்கிக் குடுத்தது நீங்கள்தானே. உங்களுக்கு ஞாபகமில்லையோ?"

குத்திக் காட்டிக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். நான் அவர் கையிலிருந்த முட்டை அட்டையைப் பிடுங்கி நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன். எனக்கு ஞாபகமில்லை. ஒரே பாயில் படுத்தவன். அந்தப் படத்தை நூறுதரம் பார்த்தவன். எரியும்போதும் பார்த்தவன். அவரைப் போலத்தான் நானும் பார்த்திருக்கிறேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தெல்தோட்டை பஸ்ஸில் ஏறி, விசாரித்து விசாரித்து எங்கள் லயத்துக்கு வந்தார். நான் வீட்டில் இருந்தேன். வா என்று சொல்லவில்லை. அம்மாதான், "வாங்கய்யா, உக்காருங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். அவர் குடித்து முடித்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மா, உங்கட மகன் போட்டிருந்தது கோடு போட்ட சட்டை. நான் வடிவாப் பார்த்தனான்."

அம்மா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அப்ப அது எம் புள்ள இல்ல. அது வேற யாரு பெத்த புள்ளையோ" என்று அழுதாள்.

சந்தி வரைக்கும் அவரோடு நடந்தேன். "அன்னிக்குத் தெரியாதுன்னீங்க" என்றேன்.

அவர் நடந்துகொண்டே இருந்தார்.

"பொய்தானே சொன்னீங்க?"

அவர் நின்றார். "அப்ப திரும்பிப் போய் கட்டமெண்டு சொல்லட்டோ? சொல்லுங்கோ, போய்ச் சொல்லுறன்."

நிசமாகவே காத்துக்கொண்டு நின்றார். நான் ஆம் என்று சொல்லியிருந்தால் போயிருப்பார். பஸ் வந்தது. கையைக் காட்டி நிறுத்தி, நானே அவரை ஏற்றிவிட்டேன்.

அந்த வருட முடிவில் அவர் மகளிடம் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். போகும் முன் அம்மா அவருக்கென்று ஒரு பொட்டலம் தேயிலை கொடுத்தனுப்பினாள். கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அங்கேயே செத்துப் போனார் என்று பிறகு முதலாளி சொன்னார்.

அம்மா பதினாறு வருடம் காத்திருந்தாள். மரணச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி வந்தவர்களை, "கோடு போட்ட சட்ட. அந்தய்யா கண்ணால பாத்தவரு" என்று திருப்பி அனுப்பினாள். லயத்தை விட்டுக் கீழே புது வீடு கொடுத்தபோது வர மாட்டேன் என்றாள். பிள்ளை வந்து இந்தக் கதவைத்தான் தட்டுவானாம். மேகப் படத்துக்கு மாலை போட வந்தவர்களை ஏசினாள். கடைசி இரண்டு வருடம் சுத்தமாகக் கண் தெரியாது. படத்தைத் தடவிப் பார்ப்பாள். எந்தப் பக்கம் முகம், எந்தப் பக்கம் வெறும் அட்டை என்று என்னிடம் கேட்பாள். நான் சொல்லுவேன்.

அந்த மனிதரை நினைத்துத் திட்டாமல் நான் படுத்த நாள் குறைவு. ஆறுதல் சொன்னாராம். சாவையாவது எங்களுக்கு விட்டிருக்கலாம். பன்னிரண்டு பிரதியையும் வாங்கிக்கொண்டு எரிங்க என்று சொன்னவனும், சந்தியில் வாயை மூடிக்கொண்டு பஸ்ஸை நிறுத்தினவனும் நான்தான் என்பது மறந்தா போய்விட்டது? மறக்கவில்லை. அதனால்தான் அவரைத் திட்டுகிறேன்.

அம்மா செத்த பதினாறாம் நாள் கருமாதி. பூசாரி இலையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, "சின்னவனுக்கும் சேத்துச் செஞ்சிரலாமே. எத்தன நாளைக்கு அப்பிடியே விட்டு வைக்கிறது?" என்றார்.

"செய்ங்க" என்றேன்.

"அவனுக்கு என்னா திதி?"

அவர் காத்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மாவோட திதியே போடுங்க."

"அவனும் அன்னிக்கா செத்தான்?"

"அன்னிக்குத்தான்" என்றேன்.